போன் சூடானால் சார்ஜ் ஏறாமல் நிற்பது ஏன்? பேட்டரியை காக்கும் குட்டி 'தெர்மிஸ்டர்'

கொளுத்தும் வெயிலில் காரின் டேஷ்போர்டில் போனை வைத்து, மேப் பார்த்தபடியே சார்ஜும் போடுகிறோம். கொஞ்ச நேரத்தில் "வெப்பநிலை அதிகம், சார்ஜிங் நிறுத்தப்பட்டது" என்று திரையில் வருகிறது. போன் கெட்டுப்போச்சோ என்று பதற வேண்டாம். பாதுகாப்பு ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அந்த ஏற்பாட்டின் கண், தெர்மிஸ்டர் என்ற சின்னஞ்சிறு பாகம்.

தெர்மிஸ்டர் என்றால் என்ன?

வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் பாகம் இது. இதில் இரண்டு வகை உண்டு. சூடு ஏற ஏற மின்தடை குறைவது என்டிசி வகை. சூடு ஏறினால் மின்தடை கூடுவது பிடிசி வகை. மோட்டார் சுருள்களில் பிடிசி அதிகம் பயன்படுகிறது. போன், லேப்டாப், இ-ஸ்கூட்டர் பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது என்டிசி.

எப்படி வேலை செய்கிறது?

பரவலாகப் பயன்படும் ஒரு என்டிசி தெர்மிஸ்டரில், 25 டிகிரி செல்சியஸில் மின்தடை 10,000 ஓம். 45 டிகிரியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். 60 டிகிரியில் 3,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும்.

இதனுடன் மாறாத 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையாக இணைத்து, 3 வோல்ட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் தெர்மிஸ்டர் பக்கம் 1.5 வோல்ட் இருக்கும். 45 டிகிரியில் அது சுமார் 1 வோல்ட்டாகக் குறையும். சார்ஜிங் சிப் கவனிப்பது இந்த வோல்ட்டைத்தான். வைத்திருக்கும் எல்லையைத் தாண்டியதும் சார்ஜை நிறுத்திவிடும்.

லித்தியம் அயன் பேட்டரியை சார்ஜ் செய்ய பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 0 முதல் 45 டிகிரி. நின்ற சார்ஜ், சூடு லேசாகக் குறைந்த உடனே தொடங்காது. எல்லைக்குச் சில டிகிரி கீழே இறங்கிய பிறகே தொடங்கும். இல்லையென்றால் சார்ஜ் ஆன், ஆஃப் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

தெர்மிஸ்டரே பழுதானால்?

ஒயர் அறுந்துவிட்டால் மின்தடை எல்லையில்லாமல் கூடியதுபோல் தெரியும். சிப் அதைக் கடும் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஷார்ட் ஆனால் கடும் சூடு என்று எடுத்துக்கொள்ளும். சரியாக வடிவமைத்த சர்க்யூட், இரண்டிலுமே சார்ஜை நிறுத்திவிடும்.

அந்த சர்க்யூட்டையும் ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. சில மலிவான பேட்டரிகளில், தெர்மிஸ்டருக்குப் பதிலாக 10,000 ஓம் ரெசிஸ்டரை வைத்துவிடுவார்கள். பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் சிப்புக்குத் தெரிவது 25 டிகிரிதான். சார்ஜ் தடையில்லாமல் ஏறும். ஆபத்தும் கூடவே ஏறும்.

இது இருந்தால் தீப்பிடிக்காதா?

அப்படிச் சொல்ல முடியாது. தெர்மிஸ்டர் தான் ஒட்டியிருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும். பல செல்கள் கொண்ட இ-ஸ்கூட்டர் பேட்டரியில், தூரத்தில் உள்ள செல் சூடானால் தகவல் தாமதமாகத்தான் வரும். அதனால்தான் பெரிய பேட்டரிகளில் பல இடங்களில் தெர்மிஸ்டர் வைக்கிறார்கள். செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஏற்பட்டால், சார்ஜை நிறுத்தினாலும் சூடு அடங்காமல் போகலாம். 2022-ல் இந்தியாவில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து தீப்பிடித்த பிறகு, பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* எச்சரிக்கை வந்தால் சார்ஜரைக் கழற்றி, கவரை எடுத்துவிட்டு, போனை நிழலில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் சேரும்.

* பேட்டரி மாற்றிய பிறகு, வெப்பநிலை காட்டும் ஆப்பில் பாருங்கள். கேம் ஆடினாலும் சார்ஜ் போட்டாலும் ஒரே எண்ணே காட்டினால் சந்தேகப்பட வேண்டும்.

* "சென்சார்தான் தொல்லை, அதை எடுத்துட்டா சார்ஜ் நல்லா ஏறும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சென்சாரை எடுத்தால் சூடு குறையாது. சூடாகிறது என்று சொல்ல ஆள் இருக்காது, அவ்வளவுதான்.