மூலிகைச் சாறுகளில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு, புற்றுநோய் எதிர்ப்புச் சோதனைகள்: அடி அண்ணாமலைத் தாவரங்களை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் அடி அண்ணாமலை அமைந்துள்ளது. இப்பகுதியின் வறண்ட நிலத்தில் ஆவாரை, எருக்கு, நொச்சி போன்றவை இயல்பாக வளர்கின்றன. இத்தகைய செடி ஒன்றின் சாறு புற்றுநோய்ச் செல்களை அழித்ததாகச் செய்தி வரும்போது, அதனையே மருந்தெனக் கருதி உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடும் நோயாளிகள் உண்டு. அத்தாமதம் உயிரிழப்பிலும் முடியலாம். எனவே, இச்சோதனைகள் எதனை நிறுவுகின்றன, எதனை நிறுவுவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தாவரத் தேர்வும் சாறு எடுத்தலும்

வழக்குப் பெயரை மட்டும் நம்பி ஆய்வைத் தொடங்க இயலாது. கரிசலாங்கண்ணி என்னும் பெயரால் இரு வேறு செடிகள் வழங்கப்பெறுகின்றன. வெண்ணிறப் பூ உடையது எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா. மஞ்சள் பூ உடையது வேறொரு பேரினத்தைச் சார்ந்தது. ஆகவே, பறித்த செடியின் மாதிரியை உலர்த்தித் தாவரவியலார் அடையாளம் உறுதிசெய்து, உலர்தாவரத் தொகுப்பில் எண்ணிட்டுப் பாதுகாத்தல் வேண்டும்.

பின்னர் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், நீர் முதலிய கரைப்பான்களில் சாறு எடுப்பர். ஒவ்வொரு கரைப்பானும் வெவ்வேறு வேதிப்பொருள்களைப் பிரித்தெடுக்கும். எனவே, மெத்தனால் சாற்றில் கிடைத்த முடிவை நீரில் காய்ச்சிய கஷாயத்திற்கு அப்படியே பொருத்துதல் கூடாது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனை

1958-இல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய டிபிபிஎச் முறை இன்றும் பெருவழக்காக உள்ளது. டிபிபிஎச் என்பது ஊதா நிறமுடைய ஒரு தனியுறுப்பு. சாற்றிலுள்ள பொருள்கள் அதற்கு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ வழங்கும்போது ஊதா நிறம் மறைந்து மஞ்சளாகிறது. 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சலை அளந்து, அஸ்கார்பிக் அமிலத்துடன் ஒப்பிடுவர்.

இது சோதனைக்குழாயில் நிகழும் வேதிவினை மட்டுமே. உடலுக்குள் செரிமானமும் கல்லீரலின் வளர்சிதை மாற்றமும் குறுக்கிடுகின்றன. மேலும், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு ஆற்றல் புற்றுநோயைத் தடுக்கும் என்பதும் உறுதியன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நிகழ்த்தப்பெற்ற ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. நாளும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக, 18 விழுக்காடு மிகுந்திருந்தது.

செல் நச்சுத்தன்மைச் சோதனை

1983-இல் மோஸ்மன் வெளியிட்ட எம்டிடி முறையில், எம்சிஎப்-7 போன்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களைத் தட்டிலுள்ள சிறு குழிகளில் வளர்த்துப் பல செறிவுகளில் சாற்றைச் சேர்ப்பர். உயிருள்ள செல்கள் மஞ்சள் நிற எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். ஊதா நிறம் குறைந்தால் உயிருள்ள செல்கள் குறைந்தன என்பது பொருள். செல்களின் அளவைப் பாதியாகக் குறைக்கும் செறிவே ஐசி50 எனப்படுகிறது. சுத்திகரிக்கப்படாத சாற்றின் ஐசி50 மதிப்பு மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருப்பின், அதனை மேலாய்வுக்கு உரியதாகக் கொள்ளும் அளவுகோல் ஆய்வுலகில் வழங்குகிறது.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. முதலாவது, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மிகுந்த சாறு, செல்களே இல்லாதபோதும் எம்டிடியை நேரடியாக ஊதாவாக மாற்றக்கூடும். அதனால் இறந்த செல்களும் உயிருள்ளவையாகக் கணக்கிடப்பெறும். செல்கள் இல்லாத குழியில் சாற்றை மட்டும் இட்டு ஒப்பிட்டால் இப்பிழை வெளிப்படும். இரண்டாவது, நஞ்சு எதுவாயினும் செல்லைக் கொல்லும். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடுகள் உள்ளன. அவை புற்றுநோய்ச் செல்களையும் அழிக்கும். நலமான செல்களிலும் அதே சாற்றைச் சோதித்து, இரு ஐசி50 மதிப்புகளையும் ஒப்பிட்ட பின்னரே தெரிந்து தாக்கும் இயல்பு உண்டா என்று கூறமுடியும்.

நித்தியகல்யாணி காட்டும் வழி

செடியிலிருந்து மருந்து கிடைத்தமைக்கு நித்தியகல்யாணி தக்க சான்றாகும். நீரிழிவுக்குப் பயன்படுத்தப்பெற்ற அதன் இலைகள் 1952-இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பெற்றன. ராபர்ட் நோபிள் அச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழிச் செலுத்தியபோது வெள்ளணுக்கள் குறைந்து எலிகள் தொற்றால் இறந்தன. அந்நச்சு விளைவே இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடும் வழியைத் திறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். அதன் இணைப்பொருளான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர் இலை தேவைப்பட்டது. எனவே, அதே இலையை வீட்டில் கஷாயமாக்கிக் குடிப்பது அம்மருந்தைப் பெறுவதாகாது. நச்சினை அளவறியாமல் உட்கொள்வதாகவே முடியும்.

முடிவுரை

சரியான அடையாளம், கரைப்பான் வேறுபாடு, நலமான செல்களுடன் ஒப்பீடு ஆகியவை அமைந்த ஆய்வே அடி அண்ணாமலைத் தாவரங்களின் உண்மைப் பயனை வெளிக்கொணரும். ஐசி50 மதிப்பு அடுத்த ஆய்வுக்குரிய செடியைச் சுட்டுகிறதேயன்றி நோயாளிக்குரிய மருந்தைச் சுட்டுவதில்லை. அதற்குப் பின் செயற்பொருளைப் பிரித்தல், விலங்குச் சோதனை, மனிதரிடையே கட்டங்கட்டமான மருத்துவ ஆய்வு ஆகியவை எஞ்சியுள்ளன. இவ்வேறுபாட்டை ஆய்வேட்டின் முடிவுரையிலேயே தெளிவாக எழுதுதல் ஆய்வாளரின் கடமையாகும்.