ஊசி குத்தியதை அறியாத விரல்கள்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் விருந்தினர் அமர இடம் கிடையாது. வருவோர் திண்ணையிலேயே அமர்ந்துகொள்வர். முன்னறையின் ஒருபுறம் தையல் இயந்திரம். மறுபுறம் இரும்பு அலமாரி. நடுவில், பாயின்மேல், நிறவாரியாக அடுக்கிய துண்டுத் துணிகள். அனைத்தும் அம்மாவின் உடைமை. பெண்கள் பள்ளியொன்றில் 31 ஆண்டுகள் தையல் ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர். பணியிலிருந்து ஓய்வு பெற்றாரே ஒழிய, ஊசிக்கு அவர் ஓய்வு கொடுத்ததில்லை. அவருடைய மகனும் மருமகளுமாகிய நாங்கள், அவர் நோயுற்றிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பிற குடும்பத்தாருக்கும் சொல்ல விரும்பினோம். எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது, "என் பேரைப் போடாதீங்க, தையலைப் பத்தித் தப்பா எழுதிடாதீங்க" என்று இரண்டு நிபந்தனைகளை விதித்தார். ஆகையால் தையலிலிருந்தே தொடங்குகிறோம்.

அம்மா தைப்பது ஒட்டுப் போர்வை. பழைய பருத்திச் சேலைகளை மடித்து அடுக்கி, ஓட்டுத் தையலிட்டு, பச்சைக் குழந்தைக்கும் முதியோருக்கும் விரிப்பாக்குவது நம் பாட்டிமார் அறிந்த வேலைதான். வங்கத்தில் இதனைக் காந்தா என்றும், மராட்டியத்தில் கோதடி என்றும், வட கர்நாடகத்தில் கவுதி என்றும் வழங்குவர். அம்மா அதனோடு நின்றுவிடாமல், மேலடுக்கைச் சிறு சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் வெட்டி இணைப்பார். தெருமுனைத் தையற்காரர் வாரந்தோறும் வெட்டுத்துணி மூட்டை ஒன்று கொடுத்தனுப்புவார். அதில் பாதியை அம்மா அன்றே திருப்பி அனுப்பிவிடுவார். பருத்தியோடு பாலியஸ்டரைச் சேர்த்தால், துவைத்தபின் ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது. போர்வை முழுதும் இழுத்துக்கொள்ளும். புதுத்துணியாயின் வெட்டுமுன் ஊறவைத்து அலச வேண்டும். சுங்குடிக்குத் தனி வாளி. சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசல் ஓயாது. தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். அதில் நூலிழை அளவு பிசகினாலும், 12 துண்டுகள் சேர்ந்த வரிசையில் அரை அங்குலம் வரை குறைந்துவிடும்.

மேலடுக்கு, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றும் நழுவாதிருக்க முதலில் கச்சாத் தையல்; பிறகு கையால் ஓட்டுத் தையல். வலக்கை மேலிருந்து ஊசியை இறக்கும். இடக்கை துணிக்கு அடியில் காத்திருந்து, ஊசிமுனை விரல்நுனியில் உரசியவுடன் அதனை மேலே திருப்பி அனுப்பும். இந்த இடக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நடு அடுக்கும் அடித்துணியும் எப்போதும் அப்பாவின் வேட்டிகளே. அவர் மறைந்த ஆண்டில் அவற்றை யாருக்கும் கொடுக்க அம்மா இசையவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் தலைமுறைகளாகத் தைத்துவந்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிடப்பட்டன. அவ்வூரைச் சேர்ந்த மிசௌரி பெட்வே என்பவர், கணவர் இறந்தபின், அவர் உழைப்பின்போது உடுத்திய பழைய உடைகளைக் கொண்டே 1942-இல் ஒரு போர்வை தைத்தார். அதன் படத்தை அம்மாவிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்தவர், "ஓரம் நேரா இல்லையே" என்றார். சற்றுப் பொறுத்து, "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

சனிக்கிழமை மட்டும் தையலுக்கு விடுமுறை. அன்று ஓவன் சூடேறும். முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் வாரத்தில் கேக் மாவைத் தகரத் தட்டில் ஊற்றிப் பேக்கரிக்குத் தூக்கிச் செல்வோம். அவர்கள் விறகடுப்பில் வேகவைத்துத் தருவார்கள். தட்டு மாறிப்போகாதிருக்க அடிப்புறத்தில் பெயர் கீறப்பட்டிருக்கும். அந்தத் தட்டுகள் இன்றும் எங்கள் வீட்டில் உள்ளன. இப்போது சனிதோறும் வெண்ணெய் பிஸ்கட்; எப்போதாவது பால் பன்; டிசம்பரில் சீனியைக் கருக்கிச் சேர்த்த பழக் கேக். மாவை அளந்து கொடுப்பது எங்கள் மகளின் பொறுப்பு. ஆச்சியும் பேத்தியும் சேர்ந்துவிட்டால் அந்த அடுக்களையில் எங்களுக்கு வேலையில்லை.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அம்மாவுக்கு இடப்புற மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சையின்போது இடது அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டன. அடுத்து கீமோதெரபி. முதற்பகுதியில் வாந்தியும் சோர்வும் இருந்தன, முடி கொட்டியது. இவற்றைப் பலரும் அறிவர் என்பதால் விரித்துரைக்கவில்லை. இரண்டாம் பகுதி பாக்லிடாக்சல் என்னும் மருந்து, வாரம் ஒருமுறையாக 12 வாரங்கள். அப்பகுதி எளிதாகச் செல்வதாகவே எங்களுக்குத் தோன்றிற்று. அம்மா எழுந்து அமர்ந்தார், உணவு உட்கொண்டார், பேத்தியின் பத்தாவது பிறந்தநாளுக்கென்று தொடங்கி நின்றுபோயிருந்த போர்வையை மீண்டும் மடியில் எடுத்தார். ஊசியை அவர் கையில் கண்டதும், நோயே பாதி விலகியதாக நாங்கள் மகிழ்ந்தோம்.

எட்டாவது வாரத்தில் ஒரு மாலை, அந்தப் போர்வையை மடித்துவைக்க எங்களில் ஒருவர் அதனைத் திருப்பினோம். அடித்துணியான வெள்ளை வேட்டியில், தையல் வரிசையை ஒட்டி, மிளகளவில் பழுப்புப் புள்ளிகள். துருவாக இருக்கும் என்று முதலில் எண்ணினோம். விளக்கடியில் கொண்டுசென்று பார்த்தபோதுதான் அது உலர்ந்த இரத்தம் என்று விளங்கிற்று. இருபதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டோம்.

துணியில் இரத்தம் பட்டால் அந்தக் கணமே குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும் என்று 31 ஆண்டுகள் மாணவியருக்குக் கற்பித்தவர் அம்மா. தம் கைப்பட்ட துணியில் ஒரு புள்ளியைக்கூட அவர் விட்டுவைத்திருக்க மாட்டார். அப்படியானால் அவர் அதனைக் காணவில்லை, குத்தியதையும் உணரவில்லை.

"அம்மா, ஊசி குத்தினது தெரியலையா?" என்று கேட்டோம்.

அவர் தம் இடக்கையைத் திருப்பிப் பார்த்தார். "கொஞ்ச நாளா நுனி மரத்த மாதிரி இருக்கு. வயசானா அப்படித்தானே" என்றார்.

கொஞ்ச நாள் என்பது நான்கு வாரம். மெல்ல மெல்ல மற்றவையும் வெளிவந்தன. இரவிக்கைக் கொக்கி மாட்ட இயலாமல்தான் வீட்டிலும் நைட்டிக்கு மாறியிருக்கிறார். வாசற்படியில் செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டு முறை வெறுங்காலோடு நடந்திருக்கிறார். எண்ணெய் தெறித்ததாகச் சொல்லியிருந்த விரற்கொப்புளம், உண்மையில் சூடான பிஸ்கட் தட்டைத் தொட்டதால் வந்தது; சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் இவற்றுள் ஒன்றையும் நாங்கள் கவனித்திருக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்றார். மற்றொரு காரணத்தைப் பல நாள் கழித்தே கூறினார்: நாங்கள் ஊசியைப் பிடுங்கிவிடுவோம் என்ற அச்சம். அந்த அச்சம் பொய்க்கவில்லை. அன்றிரவே ஊசிப் பெட்டியை அலமாரியின் உச்சியில் ஏற்றிவைத்தோம். இரண்டு நாள் அவர் எங்களோடு பேசவில்லை. அவரைக் கேட்காமல் அவ்வாறு செய்தது எங்கள் பிழை.

சிகிச்சைக் கோப்பில் இருந்த எண்ணுக்கு அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தோம். செவிலியர் கேட்ட முதற் கேள்வி காய்ச்சல் உண்டா என்பது. கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். சிறு ஊசித் துளையும் கிருமிக்கு வாயிலாகலாம். வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் சென்றால், நள்ளிரவாயினும் உடனே அழைக்க வேண்டும். தாமாகக் காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது என்றார். பிறகே மரத்தலைப் பற்றி விசாரித்தார்: எப்போது தொடங்கிற்று, மணிக்கட்டு வரை ஏறுகிறதா, பொத்தான் மாட்ட முடிகிறதா, தடுமாறி விழுந்ததுண்டா.

அடுத்த மருந்துக்குமுன் மருத்துவர் அம்மாவை விரிவாகப் பரிசோதித்தார். பாக்லிடாக்சல் போன்ற சில மருந்துகள் நரம்புகளைப் பாதிக்கக்கூடும். நீளமான நரம்புகளின் நுனிகளான கால்விரல்களிலும் கைவிரல்களிலும் அது தொடங்கும். கையுறையும் காலுறையும் அணிந்தாற்போல உணர்ச்சி மங்கும். சிகிச்சை முடிந்தபின் பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும்; சிலருக்கு ஒரு பகுதி நிலைத்துவிடுவதும் உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ இயலும். மறைத்தால் முழு அளவு மருந்து நரம்பை மேலும் வருத்தும். அம்மாவுக்கு ஒரு வாரம் இடைவெளி விட்டு, எஞ்சிய மருந்து குறைந்த அளவில் தரப்பட்டது. "குறைச்சா பலன் குறையாதா, டாக்டர்?" என்று அம்மா கேட்டார். அளவைச் சரிசெய்வதும் சிகிச்சையின் பகுதியே, கைவிடுவது அன்று என மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நரம்புக்கு வைட்டமின் மாத்திரை வாங்கலாமா என்று நாங்கள் வினவினோம். வைட்டமின் பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும், கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம் என்றார்.

பேச்சு முடியும் தறுவாயில், அம்மா தம் கைக்குட்டையை மேசையில் விரித்து, தைக்கும்போது இடக்கை எங்கே இருக்கும் என்று செய்துகாட்டினார். மருத்துவரின் முகம் மாறிற்று. அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட கை அது. அக்கையில் நிணநீர் வடிதல் குறைவு. குத்து, வெட்டு, தீக்காயம் வழியாகக் கிருமி புகுந்தால் கை வீங்கி, அவ்வீக்கம் நிலைக்கக்கூடும். உணர்ச்சியற்ற அதே கையைத்தான் அம்மா ஊசிமுனைக்கு எதிரே நீட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கையால் என்ன வேலை செய்கிறோம் என்பதை நாமே சொன்னாலன்றி மருத்துவர் அறிய வழியில்லை.

சிகிச்சை முடியும்வரை ஓட்டுத் தையல் நிறுத்தப்பட்டது. ஆனால் கைகளைச் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்றார் இயன்முறை மருத்துவர். பன்னுக்கு மாவு பிசைவது விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று அவர் சொன்னதால், எங்கள் வீட்டில் சில வாரங்கள் பன் மிதமிஞ்சிக் கிடைத்தது. அம்மா சதுரங்களை வரிசைப்படுத்துவார். எங்களில் மருமகள் கச்சாத் தையல் போட்டு, மாணவியரைப் போலவே திட்டு வாங்குவாள். குளிக்கும் வெந்நீரின் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாயிற்று. பின்வார் உள்ள செருப்பு வாங்கினோம். முழங்கை வரை நீளும் தடித்த கையுறையை மருமகளே அணிந்து ஓவன் தட்டை எடுத்தாள்.

நாவும் அவரை ஏமாற்றியது. எல்லாம் உலோகச் சுவையாகத் தோன்ற, ஒரு சனிக்கிழமை பிஸ்கட்டில் உப்பு இருமடங்காகிவிட்டது. அன்றுமுதல் வெந்ததை ருசி பார்த்துச் சொல்லும் பதவி பேத்திக்குக் கிடைத்தது. பச்சை முட்டை கலந்த மாவை வழித்து நக்கும் பழைய வழக்கத்தை ஆச்சி கைவிட்டார்.

சிகிச்சை முடிந்து இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. வலக்கை விரல்களில் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னும் மரத்தே உள்ளன. அம்மா மீண்டும் தைக்கிறார். இடக்கையைத் துணிக்கு அடியில் கொடாமல், மேலிருந்தே துணியை மடித்துப் பிடித்து ஊசியைக் கோத்தெடுக்கும் முறைக்கு மாறியிருக்கிறார். விரலுறை உண்டு, பகல் வெளிச்சத்தில் மட்டும், கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். வரிசை முடிந்ததும் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். அங்குலத்துக்கு எட்டாக இருந்த தையல் ஐந்தாகிவிட்டதில் அவருக்கு மனக்குறை.

பேத்தியின் போர்வை பிறந்தநாளுக்கு மிகவும் பிந்தியே முடிந்தது. குளிர்ந்த நீரில் பலமுறை ஊறவைத்தும் இரண்டு கறைகள் போகவில்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "அடுத்த போர்வைக்கு அடியில புள்ளி போட்ட துணி வச்சிடலாம். கறை பட்டாலும் தெரியாது" என்றார்.

"அப்போ குத்தினா எப்படித் தெரியும், ஆச்சி?" என்று கேட்டாள் பேத்தி.

அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை அலமாரியைத் திறந்து, அப்பாவின் வேட்டிகளில் நல்ல வெள்ளையாக ஒன்றைத் தேர்ந்து, ஊறவைக்கும்படி எங்களிடம் கொடுத்தார்.