மீனின் துள்ளலும் மனிதனின் மூச்சும்



ஐப்பசி, கார்த்திகை மழையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்கள் நிரம்பிவிட்டால், கெண்டையும் விராலும் துள்ளுவதைக் கண்டு மகிழ்கிறோம். அத்துள்ளலுக்குக் காரணம் யாது?

மூளையிலிருந்து புறப்படும் கட்டளை, நரம்பின் வழியே மின்னலையாக ஓடுகிறது. ஆயினும் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20,000-இல் ஒரு பங்கு இடைவெளி உண்டு. மின்னலை அதைத் தாண்டாது. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருளே அக்கரை சேர்ந்து தசையைச் சுருங்கச் செய்கிறது. உடனே ஒரு நொதி அப்பொருளைச் சிதைத்துவிட, தசை தளர்கிறது. சுருங்குதலும் தளர்தலும் மாறி மாறி நிகழ்வதாலன்றோ மீன் நீந்துகிறது!

நரம்பு இரசாயனத்தின் மூலம் செய்தி அனுப்புகிறது என்பதை 1921-ஆம் ஆண்டு தவளையின் இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தவர் ஓட்டோ லோவி. தசையை இயக்கும் நரம்புகள் அசிட்டைல்கோலினையே சுரக்கின்றன என்பதை 1936-இல் ஹென்றி டேலும் அவர்தம் உடனுழைப்பாளரும் காட்டினர். அவ்வாண்டே லோவியும் டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மீனுக்கும் மனிதனுக்கும் தசையை இயக்கும் தூதுப்பொருள் ஒன்றே.

நாம் அஞ்சவேண்டியதும் இங்கேதான். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளுள் கரிமப் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை, மேற்சொன்ன நொதியையே முடக்கிவிடுகின்றன. அசிட்டைல்கோலின் சிதையாது தேங்குகிறது. தசை ஓயாது துடித்து, பின் செயலற்றுப் போகிறது. செவுளை அசைக்கவும் வலுவின்றி மீன் மடிகிறது.

மருந்தடிப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. நஞ்சு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும். மிகுந்த வியர்வை, எச்சில் பெருகுதல், கண்பாவை சுருங்குதல், தசைத்துடிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். முடிவில் மூச்சே நின்றுவிடக்கூடும்.

இவ்வறிகுறிகள் தோன்றினால், நனைந்த ஆடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருந்துப் புட்டியின் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். உரிய நேரத்தில் போடப்படும் அட்ரோபின் ஊசி உயிரைக் காக்கும்.

மருந்தடிக்கும்போது கையுறையும் முகமூடியும் அணியுங்கள். காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். தெளிப்பானையும் டப்பாவையும் கண்மாயிலோ ஊருணியிலோ கழுவாதீர்கள். மருந்தடித்த பின் கண்மாயில் மீன்கள் செத்து மிதக்கக் கண்டால், அந்நீரை ஆடுமாடுகளுக்கும் காட்டாதீர்கள். மீனை வீழ்த்திய நஞ்சு நம்மையும் வீழ்த்தவல்லது என்பதை மறவாதிருப்போமாக.