இரண்டுக்கு மூன்று

விளையாட்டில் அபிமானம் வைத்தவர்களின் மனத்தைப் பருவத்தின் முதல் தோல்வியைப் போலக் கலக்குவது வேறொன்றில்லை. மாதக் கணக்கில் காத்திருந்து, யார் வந்தார், யார் போனார் என்று பத்திரிகைகளைப் புரட்டி, மனத்திற்குள்ளேயே ஓர் அணியை நிறுத்தி அழகு பார்த்த பிறகு, அதே அணி தொண்ணூறு நிமிஷங்களில் கண்ணெதிரே தோற்றுப்போகுமானால், போனது ஓர் ஆட்டம் மாத்திரமே என்று அறிவு எவ்வளவு சொன்னாலும், பருவமே கைநழுவிவிட்டதாக மனம் துக்கப்படுகிறது.

2015-ஆம் ஆண்டு அக்டோபர் 3, சனிக்கிழமை. தீபாவளிக்கு ஐந்து வாரங்களே இருந்தபடியால் திருத்தங்கலிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். அன்றிரவு, அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் நகக்கண்ணை விட்டு அகலாத இளைஞர்கள் சிலர் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன்னே கூடியிருந்தார்கள். சென்னை நேரு விளையாட்டரங்கில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் இரண்டாம் பருவம், சென்னையின் எஃப்.சி. அணிக்கும் முந்திய ஆண்டின் சாம்பியனான அத்லெட்டிகோ டி கொல்கத்தா அணிக்கும் நடந்த ஆட்டத்தோடு ஆரம்பமாயிற்று. போர்ச்சுகல் தேசிய அணிக்கு ஆடிய ஹெல்டர் போஸ்டிகா கொல்கத்தாவுக்காக முதல் கோலை அடித்தார்; மிசோரத்துப் பிள்ளையான ஜெஜே லால்பெக்லுவா சென்னைக்காக அதைச் சமன் செய்தார். இடைவேளைக்குப் பிறகு, சில நிமிஷ இடைவெளியில் போஸ்டிகாவும் வால்டோவும் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் போட்டுவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் பிரேசில் வீரர் எலானோ பெனால்டியில் ஒன்றை மீட்டும், கணக்கு 2-3 என்றே முடிந்தது.

“பின்னாடி ஆளே இல்ல அண்ணாச்சி. இந்த வருஷம் நமக்கு அவ்வளவுதான்” என்றார், கிளாஸைக் கீழே வைத்தபடி, ஓர் இளைஞர்.

அந்த வாக்கியத்தின் முற்பாதி ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்த கண்ணின் சாட்சியம். பிற்பாதி வேதனையில் எழுந்த அவசரத் தீர்ப்பு. இவ்விரண்டையும் பிரித்து வைக்கப் பழகுவதுதான் ரசிகனுக்கு வேண்டிய விவேகம் என்பது என் அபிப்பிராயம். பெட்டியிலிருந்து எடுத்த முதல் வெடி நமுத்துப்போனால், திரியில் ஈரமா, மருந்தில் குறையா என்று பார்ப்பானே தவிர, தொழில் தெரிந்த எவனும் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடமாட்டான். அன்றைய ஆட்டத்தில் முன்வரிசையில் குறையில்லை. சாம்பியன் அணியின் வலைக்குள் இருமுறை பந்தை அனுப்பியிருந்தது. களைப்பு மிகும் வேளையில் பின்வரிசை தன் இடத்தை விட்டு விலகியதுதான் குறை.

கணக்கின்படி பார்த்தாலும் பருவம் அன்று முடிந்துவிடவில்லை. எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பதினான்கு லீக் ஆட்டங்கள், வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று, முதல் நான்கு இடம் பெற்றால் அரையிறுதி. ஆகவே, கிடைக்கக்கூடிய 42 புள்ளிகளில் அன்று போனது மூன்று.

ஆயினும் அந்த இளைஞரின் பயத்துக்கு ஆதாரமில்லாமற் போகவில்லை. முதல் பத்து ஆட்டங்களில் சென்னை அணி ஆறில் தோற்றது. பயிற்சியாளர் மார்க்கோ மட்டராஸி 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலிக்காகக் கோல் அடித்தவர், ஜிடானின் தலையால் மார்பில் முட்டுண்டவர் என்று உலகமே அறிந்த மனிதர்; அவர் கலங்கவில்லை. எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்று, 22 புள்ளிகளோடு அணி மூன்றாம் இடத்தைப் பிடித்தது. கொலம்பிய வீரர் ஸ்டீவன் மெண்டோசா, 13 கோல்களோடு அந்தப் பருவத்தில் யாவரினும் அதிகமாக அடித்தவரானார்.

டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபடியால், சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. வீடிழந்தவர்களும் உறவினரைத் தேடியலைந்தவர்களுமாக நகரமே தவித்துக்கொண்டிருந்த அந்நாட்களில், முதல் நாள் தன்னைத் தோற்கடித்த அதே கொல்கத்தா அணியை, ஊர்ப்பெயரைத் தாங்கிய இந்த அணி அயலூரில் 3-0 என்று வென்றது. கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும், கூட்டுக் கணக்கில் முந்தியது. டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவின் ஃபட்டோர்டாவில் இறுதியாட்டம். 87-ஆம் நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. ஆட்டம் முடியும் தறுவாயில் கோவாவின் கோல்காவலர் கட்டிமணி தம் வலைக்குள்ளேயே பந்தைத் தவறவிட, அடுத்து மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். 3-2. இறுதி நாளிலும் பின்வரிசை இருமுறை வழிவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். தேநீர்க் கடையில் கண்ட குறை முற்றிலும் நீங்கவேயில்லை. ஆனால் வாங்கியதைவிட ஒரு கோல் அதிகமாக அடிக்கும் வல்லமையை அணி சம்பாதித்துக்கொண்டது.

ஆச்சரியம் அதோடு நிற்கவில்லை. 2017 நவம்பர் 19 அன்று, ஜான் கிரெகரியின் பயிற்சியில், சென்னையிலேயே கோவாவிடம் மறுபடியும் 2-3 என்று முதல் ஆட்டத்தில் தோல்வி. முதல் பாதிக்குள்ளாகவே மூன்று கோல்கள் வாங்கியிருந்தார்கள். அதே கோவாவை அரையிறுதியில் வென்றபோது, சென்னையில் அடித்த மூன்று கோல்களில் ஒன்று வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் அடித்தது. 2018 மார்ச் 17-இல் பெங்களூரு அணியை அதன் ஊரிலேயே 3-2 என்று வென்று, இரண்டாம் முறை கோப்பை கைக்கு வந்தது. 2010-இல் ஸ்பெயினும் 2022-இல் அர்ஜென்டினாவும் முதல் ஆட்டத்தில் தோற்றே உலகக் கோப்பையை எடுத்தவை என்பது நம்மவர் பலருக்கும் தெரியும். நம் மாநிலத்து அணி அதை இருமுறை செய்துகாட்டியது அவ்வளவாகப் பேசப்படாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

ஆனால் முதல் ஆட்டத் தோல்வியை நற்சகுனமாக எண்ணிவிடலாகாது. அடுத்த பருவத்தில் பெங்களூருவிடம் 0-1 என்று தோற்று ஆரம்பித்த நடப்புச் சாம்பியன், பத்து அணிகளில் பத்தாவதாக வந்து தலைகுனிந்தது. அதற்கடுத்த 2019-20 பருவமும் கோவாவிடம் 0-3 என்றே தொடங்கிற்று; ஒரு கோல்கூட அடிக்காத அந்தத் தோல்வியில் நம்பிக்கைக்குரிய அம்சம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் பருவத்தின் நடுவே கிரெகரி விலகி ஓவன் காய்ல் பொறுப்பேற்றதும், அதே ஆட்டக்காரர்கள் புதுத் தெம்போடு ஆடி இறுதியாட்டம் வரை சென்றார்கள். அங்கே கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றபோதிலும், கோப்பை வந்த ஆண்டுகளுக்குச் சமமாகவே அந்தப் பருவத்தையும் நான் மதிக்கிறேன்.