பகடை மேசை – 7: பூதங்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

நடுவழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பில் கறுப்பு இறகு செருகிய அம்புகள். சேணப் பைகளை யாரோ துழாவிக் காலி செய்திருக்கிறார்கள். சாலையின் இரண்டு பக்கமும் புதர் மண்டிய காடு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக 2014-ல் ஒரு தொடக்கப் பெட்டி வெளியானது. அதற்குள் இருந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்’ என்ற சாகசக் கதையின் முதல் மோதல் இது. எத்தனையோ பேர் இந்த ஆட்டத்தில் முதல் அடி வாங்கியது இந்தச் சாலையில்தான்.

டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம், கதைசொல்லியாகவும் நடுவராகவும் எதிரிகள் அத்தனை பேருக்கும் ஒற்றை நடிகராகவும் இருக்கிறார் என்று போன வாரம் பார்த்தோம். அவருடைய நாலாவது வேலையை வேண்டுமென்றே இந்த வாரத்துக்கு ஒதுக்கிவைத்தேன். கணக்கு.

காட்டுக்குள் பக்கத்துக்கு இரண்டாக நாலு காப்ளின்கள் பதுங்கியிருக்கின்றன. குட்டையான, குயுக்தி பிடித்த பூத ஜாதி. ஒவ்வொன்றுக்கும் 7 உயிர்ப்புள்ளி, கவச எண் 15. 20 பக்கப் பகடையை உருட்டி, தன் திறனுக்குரிய எண்ணையும் சேர்த்து 15-ஐத் தொடுகிறவரின் அடிதான் படும். சண்டை மூண்டதும் எல்லோரும் பகடை உருட்டி, யார் முதல், யார் அடுத்து என்று வரிசை போட வேண்டும். இதற்கு இனிஷியேட்டிவ் என்று பெயர். இரண்டு காப்ளின்கள் பாய்ந்து வந்து வெட்டும். மற்ற இரண்டும் முப்பது அடி தள்ளி நின்று அம்பு விடும். மூன்று விழுந்தால் நாலாவது ஓட்டம் பிடிக்கும். போதாக்குறைக்கு, அடித்த கையோடு போய் ஒளிந்துகொள்ளும் சாமர்த்தியம் வேறு காப்ளினுக்கு உண்டு.

ஆக, எது ஒளிந்திருக்கிறது, எது வெளியே நிற்கிறது, எதற்கு 3 புள்ளி மிச்சம், அடுத்த முறை யாருடையது என்று டிஎம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவே ஆட்டக்காரர் தரப்புப் பூசாரி ‘பிளெஸ்’ மந்திரத்தைப் போட்டுவிட்டால் கூட்டாளிகள் மூன்று பேர் உருட்டும் எண்ணோடு ஒரு நாலு பக்கப் பகடையும் சேரும். அந்தப் பூசாரிக்கு அடி விழுந்தால், மனம் சிதறாமலிருக்க அவர் பகடை உருட்டிக் குறைந்தது 10 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மந்திரம் கலைந்துவிடும். இந்தக் கடைசி விதியை மறக்காத மேசையை நான் பார்த்ததில்லை. பூசாரியாக ஆடுபவர் தானாக நினைவுபடுத்துவார் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்துக்கே விரோதம்.

இதெல்லாம் பின்னாளில் ஒட்டிக்கொண்ட சுமை இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸும் மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெஸனும் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் விளையாடியவர்கள். 1974-ல் அவர்கள் வெளியிட்ட மூன்று சின்னப் புத்தகங்களுக்குள் அந்தப் போர் விளையாட்டின் அட்டவணைகளும் சேர்ந்தே வந்தன. 1979-ல் டிஎம்களுக்கென்று எழுதிய தடிமனான கையேட்டில், ஆட்ட உலகின் நாள் கணக்கைக் கறாராக எழுதி வைக்காவிட்டால் ஆட்டத்துக்கே அர்த்தமில்லை என்று கைகாக்ஸ் பெரிய எழுத்தில் அதட்டியிருப்பார். கற்பனைக்குப் பேர்போன ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்குள் ஒரு கிராம முன்சீப் உட்கார்ந்திருந்தார்.

கணக்குச் சுமை இருந்தால் அதைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு வியாபாரமும் வரும். 1976-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் வரைபடங்களையும் ஆயத்த நகரங்களையும் விற்றது. டிஎம் தன் முன்னால் நிறுத்தி, பின்னால் அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ளும் அட்டைத் திரையையும் விற்றது. பிறகு கணினி. 1993-ல் லண்டனிலிருந்து கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர் என்ற வரைபட மென்பொருள் வந்தது. 1996-ல், அப்போது ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனமே விதிப் புத்தகங்களை சிடியில் போட்டு விற்றது. 2004-ல் ஃபேன்டசி கிரவுண்ட்ஸ் மூலம் மேசையே திரைக்குள் போனது. கல்லூரியில் ஒரே அறையில் தங்கிய மூன்று நண்பர்கள், படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊர் போன பிறகும் சேர்ந்து ஆட வேண்டும் என்று கட்டியதுதான் ரோல்20. 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, பிரவுசரிலேயே ஓடும்படி வெளியிட்டார்கள். ஊரடங்குக் காலத்தில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது இத்தகைய திரை மேசைகளுக்கு அடித்த யோகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு போதும். இன்று ஒரு டிஎம் கையில் இருக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானது, மோதலின் கடுமையை அளந்து சொல்லும் கருவி. எத்தனை ஆட்டக்காரர்கள், எந்த நிலை, எதிரே என்ன ஜந்து, எத்தனை என்று உள்ளிட்டால் ‘எளிது’, ‘கடினம்’, ‘உயிராபத்து’ என்று தீர்ப்பு சொல்லும். கோபோல்ட் ஃபைட் கிளப் என்ற இலவசக் கருவி இதில் பெயர் பெற்றது. உள்ளே ஓடுவது மந்திரமில்லை, விதிப் புத்தகத்தின் பெருக்கல் கணக்குதான். நம் நாலு காப்ளின்களை அதில் போட்டுப் பார்ப்போம்.

2014 விதிப்படி காப்ளின் ஒன்றுக்கு 50 அனுபவப் புள்ளி. நாலுக்கு 200. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரண்டால் பெருக்கு என்கிறது புத்தகம். கும்பலாக வந்தால் அடியும் கும்பலாக விழும் என்பது அதன் நியாயம். ஆக 400. முதல் நிலைப் பாத்திரம் ஒன்றுக்கு ‘உயிராபத்து’ என்ற கோடு 100 புள்ளியில் இருக்கிறது. நாலு பேருக்கு 400. இம்மி பிசகாமல் கோட்டின் மேலேயே நிற்கிறது! புதியவர்களுக்கென்று எழுதிய கதையின் முதல் சண்டை, அதை வெளியிட்ட நிறுவனத்தின் கணக்குப்படியே ஆளைக் கொல்லும் சண்டை. ஐந்து பேர் ஆடினால் ‘கடினம்’ என்று ஒரு படி இறங்கும்.

2024-ல் விதிகளைத் திருத்தினார்கள். புதிய டிஎம் கையேட்டில் அந்தப் பெருக்கல் காணாமல் போய்விட்டது. நாலு காப்ளின் என்றால் வெறும் 200. புதிய அட்டவணையில் நாலு முதல் நிலைப் பாத்திரங்களுக்கு 200 என்பது கீழ்மட்ட மோதல். அதே சாலை, அதே பூதங்கள், அதே அம்பு. ஒரு பதிப்பில் எமன், அடுத்த பதிப்பில் எறும்புக் கடி.

டிஎம்களுக்காக நிறைய எழுதும் மைக் ஷியா இந்தப் பெருக்கலையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, மனக்கணக்காகவே போடும்படி ஒரு வழி சொல்கிறார். எதிரிகளின் சவால் எண்களை, அதாவது அவற்றின் கடுமையைக் குறிக்கும் எண்களை, கூட்டு. ஆட்டக்காரர்களின் நிலைகளைக் கூட்டிக் கால் பங்கு எடு. முதல் எண் இரண்டாவதைத் தாண்டினால் ஆபத்து இருக்கலாம். தொடக்க நிலைகளுக்கான அளவு இது. காப்ளினின் சவால் எண் கால். நாலு கால் ஒன்று. நாலு பேரின் முதல் நிலையில் கால் பங்கும் ஒன்று. தாண்டவில்லை, முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு இந்த மூன்றாவது பதில்தான் பிடித்திருக்கிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி அது காட்டிக்கொள்வதில்லை.

ஏன் தெரியாது? மேசைக்குப் போய்ப் பார்த்தால் புரியும். முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 6, 7, 8 என்ற அளவில்தான் இருக்கும். காப்ளினின் ஓர் அம்பு 3 முதல் 8 வரை தின்னும். வரிசையில் காப்ளின்கள் முந்திவிட்டால், வாயைத் திறக்கும் முன்பே மந்திரவாதி சாய்ந்துவிடலாம். மந்திரவாதி முந்திவிட்டால்? அவரிடம் ‘ஸ்லீப்’ என்ற முதல் நிலை மந்திரம் இருந்தால் கதை தலைகீழ். பழைய விதிப்படி எட்டுப் பக்கப் பகடை ஐந்தை உருட்டி, வருகிற கூட்டுத்தொகை அளவுக்கு உயிர்ப்புள்ளிகளைத் தூங்கவைக்கலாம். சராசரி 22-க்கு மேல். தலைக்கு 7 என்றால், மந்திர வட்டத்துக்குள் சிக்கிய காப்ளின்களில் மூன்று குறட்டை விடும். மிச்சமிருப்பது ஒன்று, நாலு பேருக்கு நடுவே. இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு பகடை உருட்டல். எந்த அளவுகோலும் இதை முன்கூட்டிச் சொல்லாது.

வரிசையையும் உயிர்ப்புள்ளியையும் குறித்து வைக்கும் கருவிகளோ, சத்தம் போடாமல் வேலையைச் செய்துவிட்டுப் போகின்றன. இம்ப்ரூவ்டு இனிஷியேட்டிவ் போன்ற இலவசப் பக்கம் ஒன்றை லேப்டாப்பில் திறந்து வைத்தால், யார் முறை என்று ஒரு பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். இதைவிடப் பெரிய திரை மேசைகளில் பூசாரிக்கு அடி விழுந்த உடனே ‘மனம் சிதறியதா, உருட்டிப் பார்’ என்று நினைவூட்டவும் வழி செய்து வைக்கலாம். கூட்டல் கழித்தலில் இருந்து விடுபட்ட டிஎம் தலைநிமிர்ந்து எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். இந்த ஒரு லாபம் எனக்குப் போதும்.

ஆனால் இப்படி மிச்சமாகும் நேரத்தை அப்படியே விழுங்கிவிடும் கருவிகளும் இதே கடையில்தான் இருக்கின்றன. வரைபடத்தில் சுவர் சுவராகக் கோடு இழுத்தால், பாத்திரத்தின் கையிலுள்ள தீப்பந்த வெளிச்சம் எட்டுகிற இடம் மட்டும் திரையில் தெரியும். முதல் தடவை பார்க்கும்போது பிரமாதம்தான். ஒரு குகைக்கு இப்படிச் சுவர் எழுப்ப ஒரு மாலைப் பொழுது போய்விடும். பொழுது போனதுகூடப் பரவாயில்லை. இவ்வளவு பாடுபட்ட டிஎம்முக்கு, ஆட்டக்காரர்கள் அந்தக் குகைக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று சொன்னதும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே.

உலகத்தைப் பற்றிய குறிப்புகளிலும் இதே வியாதி. வேர்ல்டு ஆன்வில், கான்கா போன்றவை ராஜ்ஜியம், வம்சம், மதம் என்று தனித்தனிப் படிவங்கள் வைத்திருக்கின்றன. வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பத் தோன்றும். அரசனின் ஏழு தலைமுறை எழுதியாகிவிட்டது. ஆட்டக்காரர்களோ அரசனை ஏறெடுத்தும் பார்க்காமல், உயிரோடு பிடிபட்ட நாலாவது காப்ளினிடம் பேச்சுக் கொடுத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். மூன்று மாதம் கழித்து ‘நம்ம ஆளு எங்கே?’ என்று கேட்கும்போது தேவைப்படுவது மூன்று வரிதான்: அதன் பெயர், கடைசியாக விட்ட இடம், அது யாருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஷியா தன் ‘ரிட்டர்ன் ஆஃப் தி லேசி டன்ஜன் மாஸ்டர்’ நூலில், பத்து ரகசியங்களை மட்டும் எழுதிக்கொள், அவை எங்கே, யார் வாயால் வெளிப்படும் என்பதை ஆட்டத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பத்து வரிக்கு எந்த மென்பொருளும் போதும்.

ஸ்லீப் மந்திரத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. 2024 திருத்தத்தில் அதுவும் மாறிவிட்டது. இப்போது அது சின்ன வட்டத்தைத்தான் பிடிக்கும், எதிரி பகடை உருட்டித் தப்பிக்கவும் செய்யலாம். மாற்றம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அது வந்த விதம்தான் இங்கே விஷயம். டிஅண்ட்டி பியாண்ட் என்ற தளத்தில்தான் ஏராளமானவர்கள் தங்கள் பாத்திரத் தாளை வைத்திருக்கிறார்கள். 2017-ல் வேறொரு நிறுவனம் தொடங்கிய அந்தத் தளத்தை, ஆட்டத்தின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ 2022-ல் 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 ஆகஸ்டில், எல்லோருடைய தாளிலும் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை வந்து உட்காரும் என்று அறிவிப்பு வந்தது. பழையதே வேண்டுமென்றால் அவரவர் கையால் உள்ளிட்டுக்கொள்ளலாமாம். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் ராவோடு ராவாக யாரோ பக்கத்தை மாற்றுகிற கதை! எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

கூச்சல் போட்டால் வேலை நடக்கும் என்பதை ஆட்டக்காரர்கள் அதற்கு முந்தைய ஆண்டே கற்றிருந்தார்கள். 2000 முதல் நடைமுறையில் இருந்த திறந்த உரிமத்தின் தயவில்தான் வெளியார் கருவிகளும் புத்தகங்களும் செழித்தன. அதை இறுக்கும் வரைவு 2023 ஜனவரியில் கசிந்தது. சந்தாவை ரத்து செய்யக் கூட்டம் அலைமோதியது. சமாதானத்துக்காக வந்த அடுத்த வரைவில் திரை மேசைகளுக்கென்றே ஒரு கொள்கை இருந்தது: மேஜிக் மிசைல் மந்திரத்தைப் போடும்போது திரையில் அது பாய்ந்து போவதைப் படமாகக் காட்டக்கூடாதாம், காட்டினால் அது மேசை ஆட்டமில்லை, வீடியோ கேமாம். ஒளிக்கீற்றுக்குக்கூட வேலி போடுகிற வக்கீல் புத்தியைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மாதம் 27-ஆம் தேதி நிறுவனம் இறங்கிவந்தது. அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பிடுங்க முடியாத உரிமம் அது.

இந்த ரகளைக்குப் பிறகு, தன் சொந்தக் கணினியில் இருப்பதுதான் தனக்குச் சொந்தம் என்று நினைக்கும் டிஎம்களை அடிக்கடி சந்திக்கிறேன். 2020-ல் வந்த ஃபவுண்ட்ரி என்ற திரை மேசையை டிஎம் மட்டும் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கித் தன் கணினியில் ஓடவிட்டால் போதும், மற்றவர்கள் பிரவுசர் வழியாக வந்து சேர்ந்துகொள்வார்கள். அமைப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். குறிப்புகளுக்கு அப்சிடியன் என்ற மென்பொருள். அது எழுதுவதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான் என்பதால், நாளை அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

இலவசக் கருவிகளில் காப்ளினைத் தேடினால் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7 என்று உடனே வந்து நிற்பதும் அந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் தொகுப்பின் தயவில்தான். அதே தேடல் பெட்டியில் ‘பிஹோல்டர்’ என்று தட்டிப் பாருங்கள், ஒன்றும் வராது. நடுவே ஒரு பெரிய கண்ணும் தலையில் பத்துக் கண் காம்புகளுமாக மிதக்கும் அந்த ஜந்தைத் தன் தனிச்சொத்து என்று நிறுவனம் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. அதை மேசைக்குக் கொண்டுவர விரும்பும் டிஎம், புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பத்துக் கண்களின் பத்துக் கதிர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

(தொடரும்)