பெட்டி கட்டும் பிள்ளைக்கு என்ன தேவை?

பிறந்தநாள், திருமண நாள், அப்பாவின் திதி என்றால் பக்கத்திலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவது நம் ஊரில் வழக்கம். வாராவாரம் போய்ப் பாடம் சொல்லித்தரும் கல்லூரி மாணவர்களும் உண்டு. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் இல்லங்களின் நிலை வெகுவாக மாறிவிட்டது. பிள்ளைகள் பலர் பெட்டி கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சில இல்லங்கள் மூடப்படுகின்றன. இந்த நேரத்தில் தன்னார்வலராகப் போகிறவர் சிலவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

என்ன மாறுகிறது?

இல்லத்தில் இருக்கும் எல்லோரும் தாய் தகப்பனை இழந்தவர்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். கணவனை இழந்து கூலிக்குப் போகும் தாய், படுத்த படுக்கையான தகப்பன், செங்கல் சூளைக்கு இடம்பெயர்ந்த குடும்பம் என்று வீட்டுக்கு வீடு காரணம் வேறு. அடியில் இருப்பது பெரும்பாலும் வறுமை.

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. யார் இல்லத்தில் இருக்க வேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம் என்பதை மாவட்டந்தோறும் உள்ள குழந்தை நலக் குழு முடிவு செய்கிறது. அதில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். பதிவு பெறாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வறுமை மட்டும்தான் காரணம் என்றால், பணத்தை வீட்டுக்கே கொடுத்துப் பிள்ளையை அங்கேயே வளரவிடலாம் அல்லவா? மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

ஏன் இந்த மாற்றம்?

ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பேச்சு, அறிவு வளர்ச்சி, பிறரோடு ஒட்டுதல் ஆகியவற்றில் அவர்கள் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. சோறும் துணியும் கிடைத்தாலும், ‘இவர் என்னுடையவர்’ என்று பிடித்துக்கொள்ள ஓர் ஆள் குழந்தைக்கு வேண்டும்.

தன்னார்வலர் யோசிக்க வேண்டிய இடமும் இதுவே. நான்கு ஞாயிறு வந்து, மடியில் உட்காரவைத்துக் கதை சொல்லி, ஐந்தாம் ஞாயிறு வராமல் போகிறவர், ஏற்கெனவே பிரிவைச் சுமக்கும் பிள்ளைக்கு இன்னொரு பிரிவைக் கொடுக்கிறார். சுற்றுலாவோடு சேர்த்துக் காப்பகங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2019-இல் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன இல்லத்தில், பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தாயிடம் திரும்ப இருந்தான். படிப்பில் கெட்டி. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்தவன். கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கி, இல்லப் பணியாளர் ஒருவரும் கூடவர, அவனைத் தெருமுனை மளிகைக் கடைக்கு அழைத்துப்போனேன். கையில் நூறு ரூபாய். கால் கிலோ உளுத்தம்பருப்பு, ஒரு சோப்பு, ஒரு தீப்பெட்டி வாங்க வேண்டும். கடை வாசலில் நின்றுவிட்டான். “அக்கா, அவர்கிட்ட எப்படிக் கேக்கணும்?” என்றான். பின்னக் கணக்கை நிமிடத்தில் போடுகிறவனுக்கு, கடையில் சாமான் கேட்கத் தெரியவில்லை. அடுத்த சில வாரங்கள் எங்கள் கணக்குப் பாடம் அந்தக் கடையிலேயே நடந்தது.

இப்படிப்பட்ட வேலைகள்தான் இப்போது அதிகம் தேவை. சோறு வடிக்க, பேருந்தில் தனியாகப் போக, வங்கிப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்கலாம். ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு இல்ல அலுவலகத்துக்குக் கைகொடுக்கலாம். கணக்கு இல்லாத பிள்ளைக்கு நிதி ஆதரவுப் பணம் எங்கே வந்து சேரும்? இல்லம் மூடப்பட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் வார்டன் அம்மாவுக்கும் சமையல்காரருக்கும் இருக்கும். அவர்களுடைய வேலையில் கொஞ்சம் பகிர்ந்துகொண்டாலே பிள்ளைகள் இருக்கும் இடம் அமைதியாகும்.

பதினெட்டு வயது நிரம்பி வெளியேறுகிறவர்களையும் மறக்கக் கூடாது. 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் வழியுண்டு. கல்லூரி விண்ணப்பம், வாடகை அறை, முதல் வேலை, பொங்கலுக்குப் போக ஒரு வீடு என்று அவர்களுக்குத் தேவைகள் நிறைய.

செய்யக் கூடாதவை

படம் எடுத்துப் போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் பெயர், முகம், பள்ளி என எதை வெளியிட்டாலும் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்க வேண்டாம்.

‘உன்னை நானே கூட்டிப்போகிறேன்’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. இல்லம் மூடப்போகிறதா என்பதைப் பிள்ளைகள் காதுபடப் பேசக் கூடாது. ‘உன் அப்பா எங்கே?’ என்று துருவக் கூடாது. பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுக்கக் கூடாது. எத்தனை மாதம் வருவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொல்லிக்கொண்டு விடைபெறுங்கள். நின்றுபோகும் நாள் தெரிந்த பிள்ளை, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

போவதற்கு முன் இல்லம் பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் 1098-ஐ அழையுங்கள். அது கட்டணமில்லா எண். இரவும் பகலும் இயங்குகிறது. அடுத்த முறை சாப்பாடு சொல்ல இல்லத்துக்குப் போன் செய்யும்போது, “வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா, அவர்களுக்கு என்ன வேண்டும்?” என்றும் சேர்த்துக் கேளுங்கள்.