மீன்தூள் இல்லாத தீவனம்: மூட்டை சொல்லாத பாஸ்பரஸ் கணக்கு

பருவமழைத் தண்ணீர் குட்டையில் நின்றதும் குஞ்சு விட வேண்டும். அதற்குள் தீவனத்துக்குச் சொல்லிவைத்தாக வேண்டும். மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி: ‘மீன்தூள் இல்லாத, இயற்கைக்கு உகந்த தீவனம்’ என்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து கட்லா, ரோகு வளர்த்தவர்களுக்குத் தாவரப் புரதம் புதிதல்ல. கடல் மத்தியை அரைத்துக் குளத்து மீனுக்குப் போடுவது குறைய வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. மூட்டையில் அச்சடித்த எண்தான் இடிக்கிறது. ‘கச்சாப் புரதம் 28%’ என்பது மீன் செரிக்கும் புரதமல்ல. தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு அது. யூரியா கலந்தாலும் அந்த எண் ஏறும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பாஸ்பரஸ். சோயா, கடலைப் புண்ணாக்குகளில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற உருவில் பூட்டிக்கிடக்கிறது. பூட்டைத் திறக்கும் நொதி ஃபைட்டேஸ். மீன் குடலில் அது போதுமான அளவு இல்லாததால் தீவனத்திலேயே சேர்க்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், புழக்கத்திலுள்ள ஃபைட்டேஸ் பெரும்பாலும் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். திலேப்பியாவுக்கும் விராலுக்கும் அமிலம் சுரக்கும் வயிறு உண்டு. கட்லா, ரோகு, மிர்காலுக்கு வயிறே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அங்கே அமிலம் இல்லை. மீன்தூளிலுள்ள எலும்புப் பாஸ்பரஸையும் கெண்டைகள் சரியாகக் கரைப்பதில்லை என்பதால் பழைய தீவனமும் இதில் உத்தமமில்லை. போதாததற்கு, மிதவைத் தீவனம் தயாராகும் சூட்டில் நொதி செயலிழக்கும். ஆறிய பிறகு மேலே தெளித்திருந்தால்தான் பலன்.

செரிக்காத பாஸ்பரஸ் கழிவோடு சேற்றில் இறங்கி, நுண்ணுயிர்கள் உடைத்ததும் தண்ணீரில் கலக்கும். நம்முடையவை வானம் பார்த்த குட்டைகள். வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். கட்லாவுக்கு இளம்பச்சைத் தண்ணீர் நல்லது. அது கரும்பச்சையாகித் திரண்டால், இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். கவனிக்காமல் விட்டால் போட்ட முதலும் போகும்.

இனி, இதையொட்டி எழும் சில கேள்விகள். கடலைப் புண்ணாக்கு மட்டும் போதுமா? போதாது, லைசின், மெத்தியோனின் குறைவு. பூசணம் பிடித்ததில் அஃப்ளடாக்ஸின் நஞ்சு இருக்கும், தொடாதீர்கள்.

பச்சை சோயாவை அரைத்துப் போடலாமா? கூடாது, வேகவைத்தால்தான் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அழியும்.

பருத்திப் புண்ணாக்கு? கோசிபால் நஞ்சு உண்டு. அளவு மீறக் கூடாது.

விராலுக்கு? ஊன் தின்னும் மீன். மீன்தூளை அடியோடு நிறுத்தாதீர்கள்.

சோயா விலை நிற்குமா? சொல்ல முடியாது, விலை எகிறியதால் 2021 ஆகஸ்டில் 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு ஒன்றிய அரசே அனுமதி தந்தது.

விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வயிறில்லாத கெண்டைக்கென்றே தயாரித்த தீவனமா? ஃபைட்டேஸ் எந்தக் கட்டத்தில் சேர்த்தது? மொத்தப் பாஸ்பரஸ் எவ்வளவு என்பதோடு, அதில் மீனுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதையும் மூட்டையில் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை ‘இயற்கைக்கு உகந்தது’ என்பதை விளம்பரமாக மட்டும் படியுங்கள்.